நாற்பத்தொரு துளைகள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிறையப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் பல் தேய்த்தேன். கதவில் மாட்டிய பையிலிருந்து அரை லிட்டர் பாலை எடுத்துக் காய்ச்சினேன். டீ குடித்தேன். குளித்தேன். கடை மாவில் மூன்று தோசை ஊற்றினேன். தொட்டுக்கொள்ளப் பொடி.

சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாதி இடம்தான். மறுபாதியில் ஒரு மரக்கவ்வி நின்றது. இரண்டு பலகை, நடுவில் ஒரு போல்ட். அதன் வாயில் ஒரு தோல் பர்ஸ். பர்ஸிலிருந்து மெழுகு நூல் இரண்டு பக்கமும் தொங்கியது. ஒவ்வொரு முனையிலும் ஒரு ஊசி. பொடி எண்ணெய் அதன்மேல் தெறிக்காமல் தட்டைத் தள்ளி வைத்துச் சாப்பிட்டேன்.

பத்து மாதமாக அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஊசிகள் பவானி விட்ட இடத்திலேயே தொங்குகின்றன.

ஏழு பத்துக்குப் போன் வந்தது. அவள் அப்பா. சிதம்பரத்தில் வண்டிகளுக்கு சீட் கவர் போடும் கடை வைத்திருக்கிறார். பெயர் ஞானசேகரன். பத்து மாதமாக ஒரு நாள்கூட ஏழு பதினொன்று ஆனதில்லை.

“சாப்டியா மாப்ள?”

“சாப்டேன் மாமா.”

“என்னா?”

“தோச.”

“எத்தினி?”

“மூணு.”

“மூணு தோச ஒரு சாப்பாடா? அவ இருந்தா அஞ்சு வெச்சிருப்பா.”

அவள் ஒருநாளும் ஐந்து வைத்ததில்லை. இரண்டு வைத்துவிட்டு, இன்னும் வேணும்னா எழுந்து போய் ஊத்திக்க என்பாள். அதை நான் சொல்லவில்லை.

“ஆவணில திதி வருது. அய்யருகிட்ட சொல்லிட்டேன். பெண்ணாடத்துலேருந்து சின்ன மாமா குடும்பத்தோட வராரு. எல்லாருமே வராங்க.”

“சரி மாமா.”

“அன்னிக்கி எல்லாரும் உக்காந்திருக்கறப்ப அவ கடைசியா சொன்னத நீயே ஒருவாட்டி சொல்லணும். நான் சொன்னா நல்லாருக்காது. நீதான் காதால கேட்டவன்.”

“பஸ்ஸு வந்துடும் மாமா.”

“வந்தா வரட்டும். கம்பெனி பஸ்ஸுதான, நின்னு ஏத்திக்கிட்டுப் போவான். சொல்றியா?”

“பாக்கலாம் மாமா.”

போனை வைத்தேன். தட்டைக் கழுவினேன். ஏழு நாற்பதுக்கு பஸ்.

அவள் கடைசியாகச் சொன்னது என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்குத் தலை வலிக்கிறது என்று ஊசியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். நாலரைக்கு டீ எடுத்துக்கொண்டு போய் எழுப்பினேன். எழவில்லை. ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு வயது இருபத்தொன்பது.

மாமா சிதம்பரத்திலிருந்து வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எதாச்சும் சொன்னாளா, கடைசியா எதாச்சும் சொன்னாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் ஒன்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் அது அழுதுகொண்டிருக்கிற ஒரு மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையாக இல்லை. அதனால், ‘அப்பாவ பாத்துக்க’ன்னு சொன்னா மாமா, என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். சாகப்போற நேரத்துல என்னத்தான் நெனச்சிருக்கு என்றார். மறுவாரத்திலிருந்து போன் செய்ய ஆரம்பித்தார். என்னைய பாத்துக்கணும்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா, ஆனா உன்ன யாரு பாக்கறது, அத நான் பாக்கறேன் என்றார். பத்து மாதமாகப் பார்க்கிறார்.

அவர் சொல்வதை நான் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் திதியன்று இருபது பேர் நடுவில் உட்கார்ந்து நானே சொல்ல முடியாது. அதற்கு முன்னால் அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வெறும் கையோடு போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கவ்வியில் இருக்கும் பர்ஸ் அவருக்காகத்தான் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அதை முடித்து எடுத்துக்கொண்டு போவது என்று அன்று பஸ்ஸில் முடிவு செய்தேன்.

எனக்குத் தைக்கத் தெரியாது. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எம்.எஸ்ஸி. வேதியியல். சட்டைப் பொத்தான்கூட பவானிதான் தைப்பாள்.

அவள் எம்.காம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாள். பிறகு நின்றுவிட்டாள். ஆம்பூரிலிருந்து கூரியரில் தோல் வரவழைத்தாள். வெட்டி, ஒட்டி, துளை போட்டு, கையாலேயே தைத்து, இன்ஸ்டாகிராமில் விற்றாள். மாதம் பதினைந்து, இருபது பர்ஸ் போகும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவர் துபாய்க்குப் போகும்போது ஆறு வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் நாணயம் போட்டுத்தான் அனுப்புவாள். வெறும் பர்ஸைக் கொடுக்கக் கூடாதாம்.

மாமாவுக்கு மட்டும் அவள் பர்ஸ் தைத்துக் கொடுத்ததில்லை. அவர் தோல் தொடமாட்டார். தினமும் காலையில் நடராஜர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் கடை திறப்பார். கோயிலுக்குள் தோல் போகக் கூடாது என்பது அவர் கட்சி. பெல்ட் கட்டமாட்டார். அவர் வைத்திருக்கும் பர்ஸ் அவரே ஏதோ ஒரு மொபெட் சீட்டில் மிஞ்சிய ரெக்ஸினில் செய்தது. கறுப்பு, நடுவில் சிவப்புக் கோடு. பத்தொன்பது வருடம் ஆகிறது.

இதில் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஓயாத சண்டை.

“ரெக்ஸின் மாதிரி வருமாடி? மழைல நனஞ்சா தொடச்சிப் போட்டுடலாம். உன் தோலு நனஞ்சா நாய் மாதிரி நாறும்.”

“உன் பர்ஸு உரிஞ்சி உரிஞ்சி விழுது. பாக்கெட்டுல கை விட்டா கறுப்பு கறுப்பா ஒட்டுது. கரப்பாம்பூச்சி றெக்க மாதிரி.”

“கோயிலுக்குள்ள தோலு ஆவாது.”

“மத்தளம் என்னாது? அது தோல் இல்லியா? அது உள்ளதான இருக்கு?”

“அது சாமிக்கு. எனக்கில்ல.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிப்பாள்.

பர்ஸில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு துளை. எண்ணினேன். அவள் நூற்றெழுபத்தொன்றில் நிறுத்தியிருந்தாள். மீதி நாற்பத்தொன்று.

உடனே அதைத் தொடவில்லை. முதலில் பழக வேண்டும். அவள் ஒரு பிஸ்கட் டின்னில் துண்டுத் தோல் சேர்த்து வைத்திருந்தாள். முள்கரண்டி மாதிரி ஒரு பஞ்ச் இருக்கும். அதைச் சுத்தியலால் தட்டினால் ஒரே தட்டில் ஆறு துளை விழும். துண்டுகளில் துளை போட்டுக்கொண்டேன். எப்படித் தைப்பது என்பதற்கு அவள் வீடியோக்கள் இருந்தன. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துத் தான் தைப்பதை எடுத்து, மேலே ஒரு பாட்டைப் போட்டுப் பதிவிடுவாள். அவள் போனில் பாட்டு போடாத மூலப் பதிவுகள் நூற்றுப் பதினெட்டு இருந்தன. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஒரே நூல். இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். முதலில் ஒன்று, அதற்கு மேலாக மற்றது. பிறகு இரண்டு கையாலும் ஒரே அளவு இழுக்க வேண்டும். மிஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும். இது போகாது. ஒவ்வொரு தையலும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வாங்குபவர்களுக்கு இதைத்தான் அவள் எழுதுவாள்.

வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம். ஞாயிறு முழுக்க. முதல் வாரம் கையில்தான் அதிகம் குத்திக்கொண்டேன்.

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ஜெயப்பிரகாஷ் என் விரல்களைப் பார்த்தான்.

“என்னா சார், வெரலெல்லாம் பிளாஸ்டர்? எலி கடிச்சிதா?”

“ஊசி.”

“சுகர் டெஸ்ட்டா? அதுக்கு ஒரு வெரலு போதுமே சார். அஞ்சுலயுமா குத்திக்குவாங்க? ரீடிங் ஆவரேஜ் எடுக்கறீங்களா?”

சிரித்தேன். சிரித்தது எனக்கே கேட்டது. அவனும் அதைக் கவனித்தான் போல, பேச்சை நிறுத்திவிட்டு பியூரெட்டைக் கழுவப் போய்விட்டான்.

நான்காவது வாரம் ஒரு துண்டில் நாற்பது தையல் சீராக வந்தது. கொண்டுபோய்ப் பர்ஸின் பக்கத்தில் வைத்தேன். இடைவெளி சரியாக இருந்தது. இறுக்கமும் சரி. ஆனால் அவள் தையல் ஒவ்வொன்றும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. என்னுடையது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இழுவையில் தவறு என்று நினைத்தேன். மாற்றி இழுத்தேன். இடப்பக்கம்தான் சாய்ந்தது. நூலை மாற்றினேன். துளையை மாற்றினேன். அதே. வீடியோவை மறுபடி பார்த்தேன். அவள் செய்வதைத்தான் நான் செய்கிறேன். ஒரு அசைவுகூட வேறு இல்லை. இந்தக் கையால் பர்ஸைத் தொட்டால் நாற்பத்தொரு தையலும் எதிர்ப்பக்கம் சாயும். எங்கே அவள் நின்றாள் என்று கண் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை தோசை வேகும்போது வீடியோவை ஓடவிட்டேன். அவள் கையை விட்டுவிட்டு, திரையில் அவளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். சுவரில் மாமா கடைக் காலண்டர். தேதித் தாளில் இருபத்துமூன்று தலைகீழ் வரிசையில் இருந்தது. முதலில் மூன்று, பிறகு இரண்டு, இரண்டும் முகம் திரும்பி. ‘சிதம்பரம்’ என்பது வலமிருந்து இடமாக ஓடியது.

முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறாள். கண்ணாடியில் தெரிவது மாதிரி எல்லாம் மாறிப் பதிந்திருக்கிறது.

அப்படியானால் முதல் ஊசியை அவள் இடது கையால் குத்தினாளா? அவள் வலது கைக்காரி. வலது கையால் எழுதுவாள், சாப்பிடுவாள், என் முதுகில் அடிப்பாள். தைக்கும்போது எந்தக் கை? யோசித்தேன். தோசை கருகியது. மூன்று வருடம் இதே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து தைத்தாள். நான் போன் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் கை என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு பத்து ஆனது.

“சாப்டியா மாப்ள?”

“மாமா, பவானி தைக்கறப்ப எந்தக் கை?”

அவள் பெயரைச் சொல்லி நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

“ஏன் கேக்கற?”

“சும்மா மாமா.”

“பீச்சாங்கை. உனக்குத் தெரியாதா?”

“தெரியல.”

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரல் கொஞ்சம் இளகியது.

“உனக்கு எப்படித் தெரியும்? எழுதறது, திங்கறது, கரண்டி புடிக்கறது எல்லாம் சோத்துக்கை. ஊசி மட்டும் பீச்சாங்கை. அது என்னால வந்தது மாப்ள. ஸ்கூல் விட்டா நேரா கடைக்கு வரும். ஆறு வயசு இருக்கும். எனக்கு எதுத்தாப்ல ஸ்டூலப் போட்டுக் குந்திக்கும். ஒரு துண்டு ரெக்ஸினும் மொட்ட ஊசியும் குடுத்துடுவேன், சும்மா இருக்கட்டுமேன்னு. நான் சோத்துக்கையால குத்துவேன். எதுத்தாப்ல இருக்கறவளுக்கு அந்தப் பக்கம் எந்தக் கை இருக்கு? பீச்சாங்கை. கண்ணாடில பாக்கற மாதிரி அப்படியே புடிச்சிக்கிச்சி.”

“நீங்க திருத்தலியா?”

“எதுக்குத் திருத்தணும்? தையலு நல்லா இருந்துது. ஆனா ஒண்ணு, சாமானத்த கஸ்டமர்ட்ட அதே கையால நீட்டும். அதுக்கு மட்டும் திட்டுவேன். தைக்கறத எந்தக் கையாலயாச்சும் தைய்யி, குடுக்கறத சோத்துக்கையால குடுடின்னு.” நிறுத்தினார். “தோச சாப்டியா இல்லியா?”

“கருகிடுச்சி.”

“கருகுனா இன்னொண்ணு ஊத்து. பஸ்ஸு நிக்கும்.”

அன்று மாலை போனைப் பாட்டிலில் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்தேன். திரையில் இடப்பக்கம் இருந்த கை ஊசியைக் குத்தியது. எதிரே இருப்பவருக்கு அது வலது கை. இத்தனை நாள் அப்படி யோசித்துத்தான் வலது கையால் தைத்தேன். யோசிக்காமல், திரையில் எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கக் கையை அசைத்திருந்தால் முதல் நாளே சரியாக வந்திருக்கும். ஆறு வயதுப் பெண் செய்ததை நான் செய்யவில்லை.

இடது கைக்கு எதுவும் தெரியவில்லை. ஊசியை ஸ்பூன் மாதிரிப் பிடித்தது. முதல் நாள் ஏழு தையல். எல்லாம் கோணல். ஆனால் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

ஒருநாள் சத்தத்தையும் திறந்துவைத்தேன். பெரும்பாலும் மின்விசிறிச் சத்தம். நூல் துளையில் வழுக்கும் சத்தம். ஒன்றில் மட்டும் அவள் நிமிர்ந்து கேமராவுக்கு அப்பால் என்னைப் பார்த்தாள். “டேய், ஃபேனக் கொற. நூலு பறக்குது. கூப்ட்டா காதுல விழாதா?” ஆட்கள் இருந்தால் நான் அவளுக்கு ‘ஏங்க’. இல்லாவிட்டால் ‘டேய்’. வீடியோவில் மின்விசிறி குறையவில்லை. நான் எழுந்துபோய் இப்போது ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் குறைத்தேன். உண்மையிலேயே நூல் பறக்காமல் நின்றது.

ஆடி பதினெட்டு கழித்துப் பர்ஸைத் தொட்டேன். நூலில் தூசி ஏறியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி மெழுகு தேய்த்தேன். அவள் நூலை எப்போதும் ஒரு சாண் கூடுதலாகத்தான் வெட்டுவாள். போதும். நூற்றெழுபத்திரண்டாவது துளையில் இடது கை ஊசியை விட்டேன். வலது கை ஊசியை அதன் மேலாக விட்டேன். இழுத்தேன். அவள் கடைசித் தையல் கொஞ்சம் தளர்வாக இருந்தது. நான் இழுத்ததில் அதுவும் சேர்ந்து இறுகியது.

ஒரு நாளைக்கு மூன்று தையல். அதற்கு மேல் போனால் தையல் கோணும். பதினான்காம் நாள் கடைசித் துளைக்கு வந்தேன். அவள் செய்வது மாதிரியே இரண்டு தையல் திரும்பி வந்து நூலை வெட்டினேன். முனையை ஊதுவத்திக் கங்கால் தொட்டேன். உருகி ஒரு பொட்டு மாதிரி அமர்ந்தது. விளிம்பில் தண்ணீர் தொட்டு, காடாத் துணியால் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் போட்டேன்.

கவ்வி காலியாக இருந்தது. அதை மேசையிலிருந்து எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். பெல்ட் போடவில்லை. பர்ஸைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். ஆற்றுப் பாலம் வந்தபோது என்ன சொல்வது என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் வீடு. மாமா ஒரு பைக் சீட்டைக் கவிழ்த்துப்போட்டு உறையை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த விபூதி நெற்றியில் இருந்தது.

“வா மாப்ள. சொல்லாம கொள்ளாம வர. காலைல போன்ல ஒண்ணும் சொல்லலியே.”

உள்ளிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். அவர் பெயர் விருத்தாம்பாள். அதிகம் பேசமாட்டார், சோறு போடுவார்.

“இட்லி வெக்கட்டா மாப்ள? கொத்சு சூடா இருக்கு.”

“செத்த நேரம் ஆவட்டும் அத்த.”

“பாதியா எளச்சிட்டான். செத்த நேரமாம்,” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

“குடுக்கறத சோத்துக்கையால குடு.”

இடது கையால் நீட்டியிருந்தேன். ஒரு மாதமாக ஊசி பிடித்த கை, அதுவே போய்விட்டது. வலது கைக்கு மாற்றினேன். அவர் இன்னும் வாங்கவில்லை. அவர் கண் என் இடது கை விரல்களில் இருந்தது. பிளாஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“அவ உங்களுக்குத் தச்சது மாமா. பாதில வெச்சிட்டா. மீதிய நான் தச்சேன்.”

அவர் மூக்கருகே கொண்டுபோனார். “தோலு.”

“ஆமா.”

“மோந்தாலே தெரியுது.” திருப்பினார். திறந்தார். நாணயத்தைப் பார்த்தார். அதை எடுக்காமல் மூடினார். பிறகு கட்டைவிரலைத் தையல் மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வருடம் தையல் பார்த்த விரல். ஒரு பக்கம் முழுக்க வந்தது. மூலை திரும்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

“இது வரைக்கும் அவ.”

நான் பார்த்தேன். அவர் விரல் என் ஒன்பது தையலைத் தாண்டி நின்றிருந்தது. ஆமா மாமா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“இல்ல மாமா. ஒம்பது முன்னாடி.”

அவர் விரலைப் பின்னால் நகர்த்தி ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பதில் நிறுத்தி, நகத்தால் அந்த இடத்தைத் தொட்டார்.

“அப்ப இந்த ஒம்பதும் நீயா?”

“ஆமா.”

“பரவால்ல. அவளே ஏமாந்திருப்பா.” பிறகு நாலைந்து தையல் தள்ளிப் பார்த்தார். “இங்க உன் லட்சணம் தெரிஞ்சிடுச்சி.”

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“மாமா, அன்னிக்கி அவ அப்பாவ பாத்துக்கன்னு சொன்னான்னு சொன்னேன்ல. அவ அத சொல்லல. நானா சொன்னேன்.”

அவர் பர்ஸை மடியில் வைத்தார். கவிழ்ந்து கிடந்த சீட்டை இழுத்தார். உறையின் ஓரத்தை மடித்து ஒரு பின் அடித்தார். இன்னொன்று. மூன்றாவது சரியாக இறங்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடித்தார்.

“ஊரெல்லாம் சொல்லிட்டேனேப்பா.”

“தெரியும் மாமா.”

“பெண்ணாடத்தான் அதக் கேட்டுட்டு அழுதான்.”

உள்ளே அத்தை தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“உங்க அத்தகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சொல்லாத.” பின் அடிக்கும் கருவியைக் கீழே வைத்தார். “நாளைக்கும் ஏழு பத்துக்குப் பண்ணுவேன். அவ சொன்னாத்தான் பண்ணுவேன்னு இல்ல.”

“சரி மாமா.”

“அப்ப ஒண்ணுமே சொல்லலியா?”

“சொன்னா.”

“என்னா?”

“சும்மா ஒண்ணு மாமா. பெரிசா ஒண்ணுமில்ல.”

“பெரிசா இல்லியான்னு நீ சொல்லாத. அவ என்னா சொன்னாளோ அத சொல்லு. எதுவும் சேக்காத.”

அவர் பர்ஸை மடியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. தலை வலிக்கிறது என்று ஊசியை விட்டாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போனாள். அறை வாசலில் நின்று திரும்பினாள். கவ்வியில் இருந்த பர்ஸைக் கைகாட்டினாள். எந்தக் கை என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. வலியிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

“தோலுன்னு சொல்லிடாதடா. ஃபாரின் ரெக்ஸின்னு சொல்லிக் குடு. அப்பா நம்பிடும்.”